ஏழு மணிக்குச் சாத்திய கதவு

புத்தூர் மாதா கோயிலில் ஏழு மணிப் பூசைக்கு மணி அடித்ததும், கோயில்பிள்ளை சந்தியாகு கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் யாரோ தட்டினார்கள்.

“திறங்க. மணப்பாறைகிட்ட பஸ் பஞ்சர்.”

“வாராவாரம் ஒரு பஞ்சர். ஏழு மணிக்கு மேல யாரா இருந்தாலும் விடக்கூடாதுன்னு பிரசங்கத்துலயே சொல்லியாச்சு.”

“சுவிசேஷம் வாசிக்கறதுக்குள்ள வந்துட்டா பூசை கண்ட கணக்குன்னு சொல்வாங்களே?”

“போன வாரம் ரெண்டு நிமிஷம் பிந்தி வந்த என் சம்சாரமும் அதைத்தான் கேட்டா. பூசை முடியற வரைக்கும் மழையில நின்னா.”

வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. “சரிங்க, அந்தச் சட்டத்தை இன்னையோட எடுத்துடறேன்.”

சந்தியாகு கதவை அகலத் திறந்தார்.

“சீக்கிரம் வாங்க ஃபாதர். பூசை ஆரம்பிக்கற வருகைப் பாட்டையே நாலாவது தடவையா பாடிக்கிட்டிருக்காங்க.”