எழுபது வருட மல்லிகை

தாய் பூசியதையே மகளும் கேட்டு வாங்குகிற, எழுபது வருடமாக மாறாத மல்லிகை செண்ட் அது. பிரான்சின் கிராஸ் நகரத்துச் செண்ட் கூடத்தில் ஒவ்வொரு புதுக் கலவையையும் முகர்ந்து, அதே வாசனைதான் என்று ஒடில் சொன்னால்தான் புட்டியில் அடைப்பார்கள். போன வாரக் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காப்பிகூட வெந்நீராகத்தான் இருக்கிறது, யாரிடமும் மூச்சுவிடவில்லை. காலை வெயிலில் மேசைமேல், கலவையில் நனைத்து முகர்கிற வெள்ளைக் காகிதக் கீற்று கிடக்கிறது. எடுத்து, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடுகிறாள். ஒன்றுமே இல்லை. கலவைக்காரர் பாஸ்தியானின் காலடி கேட்டதும் முந்திக்கொள்கிறாள்.

“அதேதான் பாஸ்தியான், இம்மியும் பிசகல.”

மூடி திறக்காத புட்டியோடு அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

“என்ன மேடம் சொல்றீங்க? காகிதத்த நான் இன்னும் நனைக்கவே இல்லையே.”