சொல்தா கால்கள்

இவை என் கால்களே அல்ல, அப்பாவின் கால்கள். இல்லாவிட்டால் இந்த வயதில் இப்படித் துள்ளுமா?

சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் மூச்சிரைக்க வரும் அரிகிருஷ்ணன் அண்ணன் பாறையில் உட்கார்ந்துவிடுவார்.

பாரீசிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா மகன். இருட்டோடு சைகோனில் கார் ஏறி, இப்போது பா டென் மலையின் மின்கம்பப் பாதையில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் என் நாய் கப்பொரால், வாலைக் கொடிபோலத் தூக்கியபடி.

அவர் அப்பாவும் என் அப்பாவும் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு வந்த சொல்தாக்கள். இந்த அடிவாரத்தில் காவல் இருந்தவர்கள். ஒருநாள் உச்சிக்கு ஏறும்போது தம்பி மயங்கி விழ, அண்ணன் சுமந்தாராம். இது பாரீசில் சொல்லும் கதை. சைகோனில், விழுந்தது அண்ணன்.

"பெரியப்பா விழுந்த எடம் இதாத்தான் இருக்கும், அண்ணே."

"போடி. நாய்க்குப் போயி எங்கப்பா பதவிய வச்சிருக்கே. அவரு இருந்திருந்தா ஒன்ன சும்மா விட்டிருக்க மாட்டாரு."

"எங்கப்பாவுக்கு அந்தப் பதவிகூடக் கெடைக்கல. இவன்தான் அவருக்கும் மேலதிகாரி."

கப்பொரால் திரும்பிக் குரைத்தான். இருவரும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

'அன், தெ, அன், தெ' என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணி, அப்பாவின் அணிவகுப்புக் குரலில் நான் அதட்ட, அண்ணன் அந்தத் தாளத்துக்கே ஏறினார்.

உச்சி தெரிந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது, சந்தோஷத்தில்.

"அப்பா மட்டும் நாய்க்காக நிக்காம இருந்திருந்தா நானும் பாரீசுக்காரி."

எங்கள் வீட்டின் பெரிய வேடிக்கை அது. சைகோன் விழுந்த மறுவருஷம் பிரெஞ்சுக் குடிகளை ஏற்றிப்போக விமானம் வந்தது. நாயை ஏற்ற மாட்டோம் என்றார்களாம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, அம்மாவோடு வீட்டுக்கே திரும்பிவிட்டார். சாகும்வரை சிரித்துச் சிரித்துச் சொன்னார். அதனால்தான் என் வீட்டில் எப்போதும் ஒரு நாய்.

அண்ணன் இன்னும் சிரிப்பிலேயே இருந்தார்.

"நாயா? சித்திக்கு நாயக் கண்டாலே ஆகாது. நான் கூடவே நின்னேன், பத்து வயசு எனக்கு. அங்க நாய் ஏது? கோயில் வாசல்ல கெடந்த கைப்புள்ளதான் இருந்துச்சு. அதுக்குத்தான் பேப்பர் இல்லேன்னு..."

நிறுத்திக்கொண்டார்.

குனிந்து கப்பொராலின் காதைச் சொறிய ஆரம்பித்தார். வெகுநேரம் சொறிந்தார்.

நான் என் கால்களைப் பார்த்தேன். மண் அப்பிய, குட்டையான, உறுதியான கால்கள்.

விசித்திரம், வயிற்றுக்குள் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை. நாயை ஏற்ற மாட்டோம் என்றார்களாம். அப்பா, எவ்வளவு பெரிய புளுகு!

உச்சியில் கேபிள் கார் நின்றது. அண்ணன் டிக்கெட் வாங்கி வந்தார். வாசலில் இருந்த காவலர் கப்பொராலைக் காட்டிக் கையை அசைத்தார். நாய்க்கு இடமில்லை.

"எனக்கு முட்டி போச்சு, பொலேத். இந்தக் காவக்காரங்கிட்ட விட்டுட்டு வா, கீழ போயி ஆள் அனுப்புவோம். நாய்தானே."

அவர் நீட்டிய டிக்கெட்டை வாங்கி, மெல்ல அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

"நீங்க போங்கண்ணே."

கப்பொரால் ஏற்கெனவே பாதையில் நின்றிருந்தான்.

அன், தெ, என்றேன். யாருடையவோ அந்தக் கால்கள், அப்பா சொல்லக் கேட்டதுபோல், இறங்கத் தொடங்கின.