அறுபதில் விழாத பூட்டு

"அறுபதுல பிடிங்கண்ணே. ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்" என்றான் மெக்கானிக், பின்சீட்டிலிருந்து.

அவன் மடியில் ஒரு சின்னத் திரை. அதிலிருந்து ஒரு வயர் ஸ்டியரிங்கின் அடிவரை ஓடியது. கியர்பாக்ஸுக்குள் நடப்பதெல்லாம் அந்தத் திரையில் எண்ணாக வந்து விழும்.

ஓட்டியவர் முள்ளை அறுபதில் நிறுத்தினார். ஆட்டோமேட்டிக் வண்டி, வலது கால் ஒன்றே போதும். அதனால்தான் டாக்டரும் சரி என்றிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம், எடுத்துக்கொண்ட பேச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இடது பாதத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. செருப்பு கழன்று விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அவர் ரத்த வங்கி வேனுக்குத் திரும்ப வேண்டும். இருபத்தாறு வருடம் ஓட்டிய வேன். அதற்குள் கை பழகட்டும் என்று மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வண்டியை எடுத்தால், இருபதே நிமிடத்தில் சூடு ஏறி விளக்கு எரிகிறது. மனைவி நாளெல்லாம் ஓடவிடுகிற வண்டி அது. அவளிடம் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

"நூத்திப் பதினெட்டு டிகிரி. எண்ணெய் கொதிக்குதுண்ணே. பூட்டு விழவே இல்ல."

"என்ன பூட்டுப்பா?"

"இஞ்சின் பக்கம் ஒரு விசிறி, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விசிறி. நடுவுல எண்ணெய். இது சுத்துற வேகத்துல எண்ணெய் அதைத் தள்ளும். தள்ளறப்ப கொஞ்சம் வழுக்கும். வழுக்கினா சூடு. வேகம் பிடிச்சதும் ரெண்டையும் சேர்த்து உள்ளே ஒரு பூட்டு விழுந்துடும். அப்புறம் வழுக்கலும் இல்ல, சூடும் இல்ல."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு" என்றாள் பக்கத்துச் சீட்டிலிருந்த மனைவி.

"நமக்குப் பூட்டு விழுந்தப்புறம்தானே சூடே ஆரம்பிச்சுது" என்றார் அவர்.

"பாத்தியா தம்பி, வாய் மட்டும் முழுசாத் தேறிடுச்சு."

மெக்கானிக் சிரித்தான். ஆனால் அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. "காலையில நான் ஓட்டினேன், விழுந்துது. அக்கா ஓட்டினாங்க, விழுந்துது. நீங்க உட்கார்ந்தா மட்டும் மாட்டேங்குது."

"என்னைப் பிடிக்கலையோ என்னமோ."

"அது இல்லண்ணே..." சொல்லலாமா வேண்டாமா என்று அவன் கொஞ்சம் இழுத்தான். "பிரேக்கை லேசாத் தொட்டாலே அந்தப் பூட்டு விட்டுடும். அதோட அமைப்பே அப்படித்தான். இப்ப பிரேக் அமுங்கியிருக்குன்னு காட்டுது. முழுசா இல்ல. ஒரு நூல் அளவு."

அவர் வண்டியை ஓரம் கட்டி, ஒரு மரத்தின் கீழ் நிறுத்தினார். குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தார். இப்போது அது பிரேக்குக்குப் பக்கத்தில் சாதுவாகத்தான் இருந்தது. ஓடும்போது எங்கே போய் உட்கார்ந்திருந்ததோ, யார் கண்டார்கள்?

"திங்கட்கிழமை வரலைன்னு சொல்லிடறேன்" என்றார், காபி வேண்டாம் என்று சொல்லுகிற மாதிரி அமைதியாக. "ரத்தம் கொண்டுபோற வண்டி. எங்க இருக்குன்னே தெரியாத காலை வெச்சுக்கிட்டு அதை ஓட்டக்கூடாது."

"அவசரப்படாதீங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. பக்கவாதம் வந்த அன்றைக்கும் அவள் குரல் இப்படித்தான் இருந்தது. "ரோடு காலியாத்தான் இருக்கு. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க. நான் பக்கத்துலயே இருக்கேன் இல்ல?"

"ஆமாண்ணே" என்றான் மெக்கானிக். "இந்தத் தடவை இடது காலைத் தூக்கி சீட்டு மேல மடிச்சு வெச்சுக்குங்க. அதுவா இல்லையான்னு தெரிஞ்சு போயிடும்."

அவர் இரண்டு கையாலும் காலைத் தூக்கி, துவைத்து மடித்த துணியை அலமாரியில் வைப்பதுபோல, சீட்டின் மேல் மடித்து வைத்தார். வண்டி கிளம்பியது.

நாற்பது. ஐம்பது. எதிரே வந்த லாரி ஒன்று காற்றை வீசிவிட்டுப் போனது. அவர் கை அசையவில்லை. அறுபது.

"என்னப்பா?"

"இல்லண்ணே. இன்னும் அமுங்கித்தான் இருக்கு. சூடும் ஏறுது."

ஒரு கால் ஆக்ஸிலரேட்டரில். இன்னொரு கால் சீட்டின் மேல். அவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று புரியவில்லை. "அப்ப யாருடா மிதிக்கறது? பேயா?"

மெக்கானிக் திரையைக் கீழே வைத்தான். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தலையை நுழைத்து, முதலில் அவர் பக்கம் பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கேயே வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா" என்றான் மெதுவாக. "கொஞ்சம் காலைத் தூக்குங்களேன்."

"நானா?" என்றபடியே அவள் தூக்கினாள்.

அடுத்த நொடி, இஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டதுபோல இரைச்சல் தணிந்தது. பூட்டு விழுந்துவிட்டது.

அது அவள் நடத்தும் ஓட்டுநர் பள்ளியின் வண்டி. சொல்லிக்கொடுப்பவருக்கென்று பக்கத்துச் சீட்டின் கீழும் ஒரு பிரேக் உண்டு. மூவாயிரம் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து, விளக்குக் கம்பத்தை நோக்கி விட்டவர்களிடம்கூடப் பதறிப்போய் அதைத் தொட்டறியாதவள், இப்போது அந்தரத்தில் நின்ற தன் பாதத்தை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.