ஒயர் மாட்டாத ஸ்பீக்கர்

பிளக்கைப் பிடுங்காமலே ஒயரில் கை வைக்கிற காலம் இது என்று கிழவர் முணுமுணுத்தார். அவர் பிடுங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஸ்பீக்கர்கள் மனைவியின் செத்துப்போன முதல் புருஷனுடையவை. அவள் தினமும் அவற்றைத் துடைப்பாள். கிழவர் சிவப்பு ஒயரைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும், பிசிறு ஒன்றோடொன்று தொடாதபடி முறுக்கி, ஆம்ப்ளிஃபயரில் செருகினார். மறுமுனை இன்னும் அவர் மடியில்தான் கிடந்தது. ஸ்பீக்கர் ஆண் குரலில் செருமியது.

"கறுப்பு லூசா இருக்கு."

தொட்டுப் பார்த்தார். லூசாகத்தான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க, இவருக்கு இதெல்லாம் பழக்கமில்ல," என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி. அவள் பேசியது கிழவரிடம் அல்ல. அவரிடம் அவள் ஒருநாளும் அவ்வளவு குழைந்து பேசியதில்லை.

"பக்கத்து வீட்டு ரேடியோடி அது," என்றார் கிழவர். கறுப்பு ஒயரை இறுக்காமலே போட்டுவிட்டு வெளியே நடந்தார்.