அரை பீட் லேட்

"இது மேதைத்தனம் சார்! சாதாரண ஆளால இப்படி வாசிக்கவே முடியாது." கணேசமூர்த்தி லேப்டாப்பில் வீடியோவை நிறுத்திவிட்டு மேசையைத் தட்டினார்.

"மேதைத்தனமா? எட்டு வருஷம் வீணை கத்துக்கிட்டவ நான்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "ஒரு சுரம் ஒழுங்கா விழலை. கம்பி கரகரன்னு உராயுது. அரை பீட் லேட்டா வேற வர்றார். இதெல்லாம் ஒரு வாசிப்பா?"

நடுவில் இருந்த கோர்ட் சமரச அதிகாரி சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி, மூக்குத்தண்டைப் பிசைந்துகொண்டார். மணி நாலேகால். காலையிலிருந்து இப்படி அவர் முன்னால் சண்டை போட்டவர்களில் இது ஏழாவது ஜோடி.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார்.

வீடியோ மறுபடி ஓடியது. லிங்கராஜபுரத்தில் ஏதோ ஒரு ஹாலில் ராக் கச்சேரி. அரைக்கை பனியன் போட்ட கிட்டார்காரன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கம்பிகளை அழுத்திய இடது கை, மேடை வெளிச்சத்தில் முழங்கைவரை வழுவழுவென்று வியர்வையில் மின்னியது.

அதே ஆள், இப்போது முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பெயர் ஆஷ்லி. விபத்து நஷ்டஈட்டு வழக்கில் சமரசம் பேச வந்திருந்தான். எதிரில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெப்பகோடி பக்கம் ஒரு வேன் அவன் பைக்கை அடித்துத் தள்ளியது. இடது கை எலும்பு இரண்டாகப் போய், உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். பதினாறு வருஷம் கிட்டாரையே பிழைப்பாக வைத்திருந்தவன், இப்போது ஒரு பார்சல் குடோனில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்ரீரஞ்சனி அவனுடைய வக்கீல். கணேசமூர்த்தி இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல். ஆகவே அவனைப் புகழ வேண்டியது எதிராளியின் வேலை, குறை சொல்ல வேண்டியது அவனுடைய வக்கீலின் வேலை என்று ஆகிவிட்டது.

"கையில அடிபட்டது உண்மைதான் சார். நான் இல்லேங்கலை," என்றார் கணேசமூர்த்தி. "ஆனா தொழில் போகலையே? போன டிசம்பர்ல யூடியூப்ல ஏறியிருக்கு, தேதி பாருங்க. இவ்வளவு நல்லா வாசிக்கிறவருக்கு எதுக்கு நஷ்டஈடு?"

ஆஷ்லி லேசாகச் செருமினான். "மேடம், ஒரு விஷயம்…"

"நீங்க பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்." எட்டு வாய்தாவாக அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி விடவில்லை. "இந்தக் கேஸுக்காக இதை நாப்பது தடவை கேட்டிருப்பேன் சார். முதல்ல எனக்கும் தப்பாத்தான் பட்டுது. இந்த லேட்டைக் கவனிங்க. ட்ரம்ஸ், பேஸ் எல்லாரும் பஸ் ஸ்டாப்புல இறங்கிட்டாங்க. இவர் மட்டும் அடுத்த ஸ்டாப்புல இறங்கி, நிதானமா நடந்து வர்றார். அந்த நடை இருக்கே, அது கைதவறி வர்றதில்ல சார். வேணும்னு வாசிச்சாத்தான் வரும்."

ஆஷ்லி நிமிர்ந்து பார்த்தான். கூட வாசித்தவர்கள்கூட ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. பேண்டில் அவனுக்கு வைத்திருந்த பெயரே சொதப்பல் ஆஷ்லி. சொல்ல வந்ததை அவன் இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி சோனியா அனுப்பியிருந்தாள். 'இன்னிக்காவது முடியுமா?' காலையிலிருந்து மூன்றாவது தடவை.

ஸ்ரீரஞ்சனி தன் குறிப்பைப் புரட்டினாள். "பத்தொம்பதாவது செகண்ட், விரல் வழுக்குது. முப்பத்திரெண்டுல கம்பியை வளைக்கிறார், பாதியிலேயே விட்டுடறார். பலமில்ல சார். நாப்பத்தொண்ணுல ஒண்ணுமே வாசிக்கலை, சும்மா நிக்கிறார். விரல் மரத்துப்போச்சு. இதுக்குப் பேரு ஊனம்."

அவள் ஒவ்வொரு செகண்டாகச் சொல்லச் சொல்ல, ஆஷ்லியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

சீனிவாசராகவன் கையை உயர்த்தினார். "போதும்மா. எனக்கும் அப்படித்தான் படுது, கணேசமூர்த்தி. கேட்டாலே தெரியுதே, கை சொன்ன பேச்சைக் கேக்கலை."

கணேசமூர்த்தி லேப்டாப்பை மெல்ல மூடினார். "சரி சார். எங்க ஆபீஸ்ல பேசிக்கறேன். ஒத்துக்கறோம்."

சீனிவாசராகவன் எழுதி முடித்து, ஒரு தடவை வாசித்துக் காட்டினார். "'விபத்தினால் மனுதாரரின் வாசிப்பில் ஏற்பட்ட குறைகள் வீடியோவில் தெளிவாகத் தெரிகின்றன.' சரிதானே? கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிஞ்சுது. இல்லேன்னா திரும்பக் கோர்ட்டுக்குத்தான் போகணும். இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும்."

காகிதம் ஆஷ்லியின் பக்கம் வந்தது. பேனாவை எடுத்தான். அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தான். கீழே தன் பெயருக்கு எதிரே இருந்த புள்ளிக்கோட்டையும் பார்த்தான்.

"போடுங்க ஆஷ்லி, ஜெயிச்சுட்டோம்," என்று ஸ்ரீரஞ்சனி கிசுகிசுத்தாள்.

ஆஷ்லி பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தான்.

"அது கை உடையறதுக்கு முன்னாடி வாசிச்சது, சார்."