இரவல் சிலிண்டர்

சிலிண்டரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, டாக்டர் அறை வாசலில் மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

தையல்காரம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதைப் பார்ப்பாள்? அது அவள் வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்.

காலையில் டாக்டரே வீட்டுக்கு வந்துவிட்டார். நோயாளி கிடந்து கூப்பிட்டாலும் வராத மனுஷன். கிளினிக்கைப் பார்வையிட ஆபீசர் வருகிறாராம். அவசரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று கேட்பாராம். அரைமணி நேரத்தில் திருப்பித் தந்துவிடுவாராம்.

அவள் வாயைத் திறப்பதற்குள், கட்டிலில் கிடந்த அவள் புருஷன் தானே மூக்குக் குழாயைக் கழற்றி நீட்டிவிட்டார். டாக்டர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி.

அதை ஒரு நிமிஷம்கூடக் கழற்றக் கூடாது என்று அதட்டிச் சொன்னவரும் இதே டாக்டர்தான். இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்றாட உட்காரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு இருக்கிறாள்.

அரைமணி நேரம் எப்போதோ ஓடிவிட்டது. அதற்கப்புறம்தான் ஆபீசர் ஆற அமர வந்து சேர்ந்தார்.

கிளினிக்கைப் பார்க்க வேண்டுமே! கை கழுவும் இடத்தில் புது சோப்பு, உறைகூடப் பிரிக்கவில்லை. தடுப்பூசி ஃபிரிட்ஜில் நேற்று வரை குடியிருந்த பால் பாக்கெட்டும் நர்ஸின் சாப்பாட்டு டப்பாவும் இன்று போன இடம் தெரியவில்லை. எப்போதும் வெறுங்கையால் ஊசி போடும் கம்பவுண்டர், இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு, அதோடேயே மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆபீசருக்கு டீ வந்தது. பிஸ்கட் வந்தது. ஒவ்வொன்றாக நனைத்து நிதானமாகத் தின்றார்.

தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாம். ஆனால் நாளைக்கும் இந்த டாக்டர் முன்னால்தானே போய் நிற்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் ஆபீசர் சிலிண்டர் பக்கம் வந்தார். வேலை செய்யுமா என்று கேட்டார். டாக்டர் பெருமையாகத் திருகினார். புஸ்ஸென்று சீறியது. மூடுவார்கள் என்று பார்த்தால், ஆபீசர் கையை நீட்டி ஃபேன் காற்று வாங்குவது போல நின்றார்.

அடப்பாவிகளா, அது என் மனுஷனோட மூச்சுடா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆபீசருக்குப் பரம திருப்தி. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. புறப்படும்போது டாக்டரின் தோளில் தட்டி, குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்.

“இதை அப்படியே என் வண்டியில ஏத்தச் சொல்லுங்க. அடுத்த தெரு டாக்டர்கிட்டயும் சிலிண்டர் இல்லையாம். அங்கயும் பார்த்து முடிச்சிட்டு அனுப்பிடறேன்.”

கம்பவுண்டர் சிலிண்டரில் கை வைத்தார்.

தையல்காரம்மா எழுந்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சிலிண்டரை அதன் தள்ளுவண்டியோடு திருப்பி, வாசலைப் பார்த்துத் தள்ளினாள். ஒரு சக்கரம் ஆபீசரின் ஷூவில் ஏறி இறங்கியது. டாக்டர் பின்னாலேயே வந்து, சத்தம் வராமல் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

தெருவில் இறங்கியபோது இடுப்பில் போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பர்.

பேசியது அவள் புருஷன். சொல்லுக்குச் சொல் மூச்சு இழுத்தது.

“நம்ம... டாக்டர்... பாஸாயிட்டாரா?”