அசையாத கை

"பத்து நிமிஷம். நான் சொல்ற வரைக்கும் கைய வெளிய எடுக்கக் கூடாது," என்றார் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி வீரப்பன்.

கறுப்புத் துணி போர்த்திய பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, சுப்பன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தான். மைக்ரோஸ்கோப்பும் கண்ணாடிச் சில்லும் புழங்குகிற இடத்தில் கை நடுங்கலாமா? அதைத்தான் சோதிக்கிறார்கள் என்று அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

ஜாசின் ஊரிலிருந்த காய்ச்சல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை. வந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்துப் பெட்டியில் கையை விட்டிருந்த சாமிக்கண்ணு கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்தவன். குளித்து எத்தனை நாளோ, அந்த மாரியாத்தாளுக்கே வெளிச்சம்.

சுப்பனுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மலாயாவில் அவசரகாலம் வந்ததிலிருந்து ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டுக்குள் போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. ஒரு பக்கம் கம்யூனிஸ்ட், மறுபக்கம் பட்டாளம்; இரண்டு பேருக்கும் அவன்மேல்தான் சந்தேகம். போன வாரம் அடுத்த மர வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன் குண்டடிபட்டுச் செத்தான். சுட்டது யார் என்று இன்னும் தெரியவில்லை.

"வேலையோட வாங்க. இல்லாட்டி நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிருவேன்லா," என்று பெண்டாட்டி முத்தாயி சொல்லிவிட்டாள்.

சும்மா அனுப்பவில்லை அவள். வெள்ளைக்கார டாக்டர் முன்னால் புருஷனிடம் ரப்பர் பால் நாற்றம் அடிக்கக் கூடாதென்று, மழைக்காலத்தில் பிள்ளைக்குத் தடவுகிற, எலுமிச்சை வாசம் தூக்கலாக வீசும் செராய்ப்புல் எண்ணெயை உச்சந்தலை முதல் விரல்நுனி வரை தேய்த்து அனுப்பினாள். தோட்டத்து கேட்டில் கம்யூனிஸ்ட்டுக்கு அரிசி கடத்துகிறானா என்று தடவிப் பார்த்த கான்ஸ்டபிள், "என்னய்யா மாப்பிள்ளை, எங்க கல்யாணம்?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாவது நிமிடத்திலேயே சாமிக்கண்ணு நெளிய ஆரம்பித்தான். "ஐயோ... அப்பா..." என்று தோளைக் குலுக்கினான், காலை உதைத்தான். கள்ளு இறங்கினால் இப்படித்தான் என்று சுப்பன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"போதும், எடுங்க," என்றார் கிராணி.

சாமிக்கண்ணு கையைப் பரபரவென்று சொறிந்தான். குளிக்காதவனுக்குச் சொறி வராமல் வேறென்ன வரும்? டாக்டர் சுப்பனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நம்ப முடியாதவர்போலத் தலையை ஆட்டினார். மனுஷன் அசந்துபோய்விட்டார் என்று சுப்பன் முடிவு கட்டினான்.

டாக்டர் ஏதோ முணுமுணுக்க, கிராணி நிமிர்ந்தார். "சாமிக்கண்ணு, நாளையிலேருந்து வேலைக்கு வந்துரு."

சுப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முத்தாயி முகம் கண்முன் வந்து நின்றது. "என்னாங்கய்யா அநியாயம் இது! இந்தக் குடிகாரன் பேயாட்டம் ஆடுனான். நான் ஒரு அசைவு அசைஞ்சிருப்பேனா?"

கிராணி அவன் தோளில் கை வைத்தார்.

"இங்க வேலையே, டாக்டர் வளக்குற கொசுவுக்குக் கைய நீட்டி ரத்தம் குடுக்கறதுதான், உன் எண்ணெ வாசத்துக்கு ஒண்ணுகூட உன்னயத் தொடலயேப்பா!"